கோட்டிலே பிறந்த சேய்மை

ஓவியனுக்குப் பல வண்ணங்கள் துணைநிற்கின்றன. சிற்பிக்குக் கல்லின் பருமனே துணைநிற்கின்றது. செப்புத் தகட்டிலே கோடு கீறி, அதனைக் கடதாசியில் அச்சிட்டுப் படமாக்கும் கலைஞனுக்கோ இவ்விரண்டும் இல்லை. அவனிடத்தில் உள்ளவை கறுப்பு மையும் வெள்ளைக் கடதாசியுமே. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறந்தானும் அவனுக்குக் கிடையாது. தகட்டில் ஓரிடத்திலே கோடு இருந்தால் அவ்விடம் கறுக்கும், இல்லையேல் வெளுக்கும். இத்துணை வறுமையான கருவிகளைக் கொண்டு, உள்ளங்கை இரண்டை விரித்தாற்போன்ற அளவுள்ள கடதாசியிலே, பல கட்டைத் தூரம் விரிந்து செல்லும் வயல்வெளியையும், அதன் கடைக்கோடியில் மங்கித் தோன்றும் நகரத்தையும், அதற்கு மேலே கவிந்து நிற்கும் வானத்தையும் காட்டினர் ஐரோப்பியக் கலைஞர் சிலர். தட்டையான கடதாசியிலே ஆழம் எவ்வாறு பிறந்தது? இவ்வினாவுக்கு விடை ஒரே நாளிற் கிடைத்ததன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக, ஒரு நாட்டார் விட்ட இடத்திலிருந்து மற்றொரு நாட்டார் தொடர்ந்து தேடிய விடை அது.

முதலிலே இக்கலையின் செய்முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். எச்சிங் என்று மேனாட்டார் வழங்கும் இம்முறையிலே, நன்கு மெருகிட்ட உலோகத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சொன்று பூசப்படும். பூச்சைப் புகை பிடித்துக் கறுப்பாக்கிய பின்னர், கலைஞன் கூரிய ஊசியினால் அதன்மேல் வரைவான். ஊசி உலோகத்தைக் கீறுவதில்லை. பூச்சை மட்டுமே நீக்குகின்றது. ஆதலால் கையின் ஓட்டத்துக்குத் தடை இல்லை; தூரிகைபோலவும் எழுதுகோல்போலவும் ஊசி தன் விருப்பப்படி ஓடும். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் அமிழ்த்துவர். பூச்சு நீங்கிய கோடுகளிலே மட்டும் திராவகம் உலோகத்தை அரித்துப் பள்ளமாக்கும். பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்து, அப்பள்ளங்களில் மையை நிரப்பி, தகட்டின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் கடதாசியை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்திலுள்ள மை கடதாசியிலே ஏறிவிடும். படம் இடம் வலமாக மாறி அச்சாகும்.

இச்செய்முறையில் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. தகட்டிலே பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மையை அது ஏந்தும். ஏந்திய மையின் அளவுக்கேற்பக் கடதாசியிலே கோடு தடித்துக் கறுக்கும். உலோகத்தின் உண்மையான ஆழமே கடதாசியின் தோற்ற ஆழத்துக்கு வித்தாகின்றது. இவ்வுண்மையை அறிந்து ஆள்வதற்கே கலைஞருக்கு நெடுங்காலம் சென்றது.

திராவகத்தால் உலோகத்தை அரித்து அணிசெய்யும் வித்தையை முதலிலே கையாண்டவர்கள் ஓவியர்கள் அல்லர். போர்க்கவசம் செய்த கொல்லர்களே. கவசங்களின்மீது கொடியும் பூவும் வரைந்து அவர்கள் அழகுசெய்தனர். ஜேர்மனியிலே அவுக்ஸ்பேர்க் நகரத்தில் வாழ்ந்த தானியேல் ஹோப்பர் என்பவர், 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, அவ்வித்தையை அச்சுப்படத்துக்குப் பயன்படுத்திய முன்னோடியாகப் போற்றப்படுகின்றார். அவரைப் பின்பற்றியவர்களுள் தலைசிறந்தவர் அல்பிரெக்ற் டியூரர். 1515ஆம் ஆண்டுக்கும் 1518ஆம் ஆண்டுக்கும் இடையிலே அவர் இம்முறையில் ஆறு படங்களை ஆக்கினார். அவற்றுள் இறுதியானது பீரங்கியோடு கூடிய நிலக்காட்சி. முன்னே பெரிய பீரங்கியொன்றும் அதன் பக்கத்திலே கீழைத்தேய உடை தரித்த மாந்தரும். அவர்களுக்கப்பால் தாழ்வான நிலத்தில் ஒரு கிராமம். அதற்கும் அப்பால் விரிந்து செல்லும் வெளியும் குன்றுகளும். டியூரர் இங்கே பயன்படுத்தியது இரும்புத் தகடு. தகடு முழுவதும் ஒரே முறையாகத் திராவகத்தில் அமிழ்த்தப்பட்டமையால், முன்னுள்ள பீரங்கியின் கோடும் பின்னுள்ள குன்றின் கோடும் ஏறக்குறைய ஒரே கருமை பெற்றன. அண்மையையும் சேய்மையையும் காட்ட அவருக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, அருகிலுள்ளதைப் பெரிதாகவும் தூரத்திலுள்ளதைச் சிறிதாகவும் வரைதல். மற்றது, அருகே கோடுகளை நெருக்கியும் தூரத்தே ஐதாக்கியும் இடுதல். டியூரரின் கைத்திறத்தால் படத்திலே இடம் விரிகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே காற்று இல்லை. தூரத்துக் குன்று சிறுத்திருக்கின்றதேயன்றி மங்கவில்லை.

அதே காலத்தில் றேகன்ஸ்பேர்க் நகரத்து அல்பிரெக்ற் அல்ற்டோர்பர், 1520ஆம் ஆண்டை ஒட்டி, நிலக்காட்சியையே பொருளாகக்கொண்டு ஒன்பது படங்களை ஆக்கினார். கதையும் தெய்வமும் இன்றி, மரமும் மலையும் மட்டுமே ஒரு படத்துக்குப் பொருளாதல் கூடும் என்று காட்டிய பெருமை அவருக்குரியது. ஊசியிலை மரங்களின் தொங்கும் கிளைகளை அவருடைய கோடு விரைவாகவும் உயிர்ப்புடனும் தொடர்ந்து செல்கின்றது. ஆனால் அவற்றுட் சில பிரதிகளுக்குக் கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. நீலம் தீட்டினால் மலை பின்னே செல்லும் என்பதை ஓவியர் அறிந்திருந்தனர். கோடு மட்டும் அவ்வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை அன்று இன்னும் பிறக்கவில்லை.

தூரத்து மலை ஏன் நீலமாகத் தோன்றுகின்றது? நமக்கும் அதற்கும் இடையே நிற்கும் காற்று, ஒளியைச் சிதறச் செய்து, பொருளின் கருமையைக் குறைத்து, அதன்மேல் மெல்லிய ஒளித்திரையைப் போர்த்துகின்றது. அருகில் நிற்கும் பனையின் நிழற்பக்கம் நன்றாகக் கறுத்திருக்கும். வெயிற்பக்கம் நன்றாக ஒளிரும். ஒரு கட்டைக்கு அப்பால் நிற்கும் பனையிலோ நிழலும் வெயிலும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். இன்னும் தூரத்தில் இரண்டும் ஒரே மங்கலாகிவிடும். எனவே சேய்மையின் இலக்கணம் நீல நிறம் மட்டுமன்று. கருமைக்கும் வெண்மைக்கும் இடையேயுள்ள வேறுபாடு படிப்படியாகக் குறைதலே அதன் உயிரான இலக்கணம். நிறத்தை இழந்த கலைஞன் இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டால் போதும். ஆனால் ஒரே தகட்டிலே, ஒரே மையைக்கொண்டு, சில கோடுகளைக் கறுப்பாகவும் சில கோடுகளை வெளிறியும் அச்சிடுவது எவ்வாறு?

அதற்கு வழிவகுத்தோருள் முதன்மையானவர் லொறேன் நாட்டு நான்சி நகரத்தவரான சாக் கல்லோ. 1592ஆம் ஆண்டிலே பிறந்து 1635ஆம் ஆண்டிலே மறைந்த இவர், தம் இளமையில் இத்தாலியின் புளோரன்சு நகரத்திலே பணியாற்றினார். யாழ்க்கருவி செய்வோர் மரத்துக்குப் பூசிய கடினமான மெருகெண்ணெயை இவர் தகட்டுக்குப் பூச்சாகக் கொண்டார். அப்பூச்சு எளிதில் உதிராது. ஆதலால் தகட்டைத் திராவகத்தில் பன்முறை அமிழ்த்தலாம். முதலிலே சிறிது நேரம் அமிழ்த்தித் தகட்டை வெளியே எடுத்தல், தூரத்துக் காட்சிக்குரிய கோடுகளை மெருகெண்ணெயால் மூடிவிடுதல், மறுபடியும் அமிழ்த்துதல், இடைநிலத்துக் கோடுகளை மூடுதல், முன்னிலத்துக் கோடுகளை மட்டும் நெடுநேரம் அரிக்கவிடுதல். சுருங்கச் சொன்னால், திராவகத்துள் கிடந்த காலமே படத்தின் ஆழமாக மாறிற்று. சில நிமிடங்களே கிடந்த கோடு நூலிழைபோல மெலிந்து அடிவானத்துக்குச் சென்றது; நெடுநேரம் கிடந்த கோடு தடித்துக் கறுத்துப் பார்ப்பவனின் காலடிக்கு வந்தது. 1620ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய இம்புறுனேற்றாச் சந்தைப் படத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாந்தர் நெருங்கி நிற்கின்றனர். இருந்தும் யார் முன்னே, யார் பின்னே என்று கண் மயங்குவதில்லை. இம்முறையை ஏபிரகாம் பொஸ் என்பவர் 1645ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். பிற மொழிகளிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டுத் தொழிலாளர் கைக்குக் கைந்நூலாயிற்று.

உரோமாபுரியிலே வாழ்ந்த குளோட் லொறேன், 1636ஆம் ஆண்டில் மாட்டிடையன் என்னும் படத்தை ஆக்கினார். மாடுகள் நீரோடையைக் கடக்கின்றன. இடையன் மரத்தடியிலிருந்து குழல் ஊதுகின்றான். மரங்களுக்கு அப்பால் வெளி ஒளியிலே கரைகின்றது. டியூரரின் படத்திலே இல்லாத காற்று இங்கே நிறைந்திருக்கின்றது. முன்னுள்ள மரத்தின் செறிந்த கருமையிலிருந்து அடிவானத்தின் வெளிறிய மெல்லிய கோடுவரை படிகள் பல. ஒரு படிக்கும் மறுபடிக்கும் இடையே முறிவு தெரிவதில்லை.

ஆயினும் இக்கலை தன் முழு வலிமையையும் காட்டியது ஒல்லாந்து தேசத்திலேயாம். அதற்கு அந்நாட்டின் நிலவியல்பும் வரலாறுமே காரணம். இத்தாலிய ஓவியனுக்கு மலையுண்டு. மலைக்குப்பின் மலையை அடுக்கினால் ஆழம் தானே அமையும். ஒல்லாந்திலே மலை இல்லை. நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கின்றது. பல இடங்களில் அது கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. காற்றாலைகளால் நீரை இறைத்து, அணைகட்டி, ஏரிகளை வயல்களாக மாற்றிய மக்கள் அவர்கள். பீம்ஸ்ரர் என்னும் பெரிய ஏரி 1612ஆம் ஆண்டிலே வற்றச்செய்யப்பட்டு விளைநிலமாயிற்று. அதே தலைமுறைதான் ஸ்பானிய அரசோடு நெடும்போர் புரிந்து, 1648ஆம் ஆண்டில் தன் விடுதலையை உலகம் ஏற்கச் செய்தது. உப்பு நீரிலிருந்தும் அயலாராட்சியிலிருந்தும் தாமே மீட்டெடுத்த மண்ணைப் படமாகக் காண அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. மன்னர் மாளிகைக்கன்றி, வணிகர் வீட்டுச் சுவருக்கும் தொழிலாளன் வீட்டுப் பெட்டகத்துக்கும் ஏற்ற விலையிலே நிலக்காட்சிப் பிரதிகள் பெருகின. ஹார்லெம் நகரத்து எசயஸ் வன் டி வெல்ட முதலானோர், 1610ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில், தம் ஊர் மணல்மேடுகளையும் வேலிகளையும் சாலைகளையும் எளிமையாக வரைந்தனர். மலையில்லாத நிலத்திலே ஆழத்தை எங்கே தேடுவது என்பதே அவர்கள் எல்லோரையும் எதிர்கொண்ட வினா.

அவ்வினாவோடு மிகத் தனித்து மல்லாடியவர் ஹேர்க்கியூலிஸ் சேகர்ஸ். 1590ஆம் ஆண்டளவிலே பிறந்து 1638ஆம் ஆண்டளவிலே மறைந்த இவர், ஒல்லாந்தில் இல்லாத கற்பாறைப் பள்ளத்தாக்குகளைத் தம் மனத்திலிருந்து வரைந்தார். ஒரே தகட்டைப் பல நிற மைகளாலும், நிறம் தோய்த்த கடதாசியிலும், சீலையிலும் அச்சிட்டார். அச்சிட்டதன்மேல் வண்ணமும் தீட்டினார். ஒரு தகட்டிலிருந்து ஒரே மாதிரியான நூறு பிரதிகள் எடுப்பதே அச்சுத்தொழிலின் பயன் என்று உலகம் கருத, இவரோ ஒவ்வொரு பிரதியையும் வேறொரு பொழுதாகவும் வேறொரு காலநிலையாகவும் ஆக்கினார். அவர் கோடு கல்லின் தோலைப்போலச் சொரசொரத்து உடைந்து உடைந்து செல்லும். உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. சாமுவேல் வன் ஹூக்ஸ்திராத்தன் என்பவர் 1678ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, சேகர்ஸின் படங்கள் வெண்ணெயும் சவர்க்காரமும் சுற்றும் கடதாசியாகப் போயின என்று குறித்திருக்கின்றார். இன்று எஞ்சியுள்ள பிரதிகள் இருநூறுக்கும் குறைவே. ஆனால் அவருடைய பெருமையை அறிந்த ஒருவர் அம்ஸ்ரர்டாம் நகரத்தில் இருந்தார். சேகர்ஸின் வண்ண ஓவியங்கள் எட்டினை வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்ததோடு, அவருடைய செப்புத் தகடொன்றையும் பெற்று, அதிலிருந்த பெரிய உருவங்களை அழித்துவிட்டுப் புதிய உருவங்களை வரைந்து, நிலக்காட்சியைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார் அவர். அவரே றெம்பிரான்ற்.

1606ஆம் ஆண்டிலே லெய்டன் நகரத்தில் பிறந்து, 1669ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாமிலே மறைந்த றெம்பிரான்ற், வண்ண ஓவியத்திலே பெற்ற புகழுக்குச் சற்றும் குறையாத புகழைச் செப்புத்தகட்டுப் படங்களிலும் பெற்றவர். ஏறத்தாழ முந்நூறு தகடுகளை அவர் ஆக்கினார் எனலாம். அவற்றுள் நிலக்காட்சிகள் மிகச் சிறு பகுதியே. அவை யாவும் 1640ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுள் அடங்கிவிடுகின்றன. நகரத்தின் மதில்களுக்கு வெளியே நடந்து சென்று கண்டவற்றையே அவர் பெரும்பாலும் வரைந்தார்.

1641ஆம் ஆண்டில் வரைந்த காற்றாலைப் படத்திலே, ஆலையின் ஒவ்வொரு பலகையும் கயிறும் தெளிவான கோட்டினால் அமைந்திருக்கின்றன. அதற்கு எதிரே வானம் வெறுமையாக விடப்படவில்லை. தகட்டிலே பரந்த மெல்லிய சாயலும் மேற்பூச்சு வெடித்த நுண்ணிய கீறல்களும் அங்கே காணப்படுகின்றன. ஆலையின் திடமான கோட்டுக்கும் வானத்தின் இளஞ்சாயலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டினாலேயே அக்கட்டடம் கடதாசியை விட்டுப் பிரிந்து முன்னே வந்து நிற்கின்றது.

நிலக்காட்சிகளுள் தலையாயது 1643ஆம் ஆண்டில் ஆக்கிய மூன்று மரங்கள் என்னும் படம். அதன் உயரம் ஏறத்தாழ 21 சதமமீற்றர். அகலம் 28 சதமமீற்றர். பாடசாலைப் பிள்ளையின் வரைதற் கொப்பியினும் பெரிதன்று. வலப்பக்கத்திலே சிறு மேட்டின்மீது மூன்று மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இடப்பக்கம் தாழ்ந்த சமவெளி. அதன் எல்லையிலே ஒரு நகரம். வானமோ படத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டு, புயல் விலகும் நேரத்தின் கலக்கத்தோடு காட்சியளிக்கின்றது. இடப்பக்க மேல் மூலையிலே மட்டமட்டான சாய்ந்த நேர்கோடுகள் மழைத்தாரைபோல இறங்குகின்றன.

இப்படத்திலே ஆழம் பிறக்கும் வகையைப் படிப்படியாக நோக்குதல் தகும். முதலாவது, மரங்களின் இருளான முடிகளுக்குப் பின்னே வானம் வெளிச்சமாக விடப்பட்டிருக்கின்றது. படத்தின் செறிந்த கருமையும் சிறந்த வெண்மையும் ஒன்றையொன்று தொட்டு நிற்குமிடம் அதுவே. இரண்டும் பொருதுமிடத்திலே கண் முதலிற் சென்று தங்கும். தங்கிய பொருள் அண்மையில் இருப்பதாக மனம் கொள்ளும். இரண்டாவது, சமவெளி முழுவதும் ஒரே நிறமாக இல்லை. முகிலின் நிழல் விழுந்த பட்டையொன்று, வெயில் பட்ட பட்டையொன்று என்று மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றது. மலைக்குப்பின் மலை அடுக்க இயலாத நாட்டிலே, நிழலுக்குப்பின் ஒளியை அடுக்கினார் றெம்பிரான்ற். ஒல்லாந்த நிலத்தின் வினாவுக்கு ஒல்லாந்த வானமே விடை தந்தது. மூன்றாவது, வயலில் நிற்கும் மாடுகளும் மனிதரும் பின்னே செல்லச் செல்ல மயிரிழை போன்ற கீறல்களாக மெலிந்து, நகரத்தின் கோபுரங்கள் வெறுஞ் சாயல்களாக முடிகின்றன. அங்கே கருமையும் வெண்மையும் பொருதுவதில்லை, சமாதானமாகிவிடுகின்றன. நான்காவது, இருளுக்குள்ளும் ஆழம் உண்டு. இடப்பக்க நீர்க்கரையிலே மீன்பிடிப்பவன் ஒருவனும் ஒரு பெண்ணும் இருக்கின்றனர். வலப்பக்கப் புதரின் அடர்ந்த இருளிலே காதலர் இருவர் மறைந்திருக்கின்றனர். நெடுநேரம் உற்று நோக்கினாலன்றி அவர்கள் புலப்படார். மேட்டின் உச்சியிலோ சித்திரகாரன் ஒருவன் சிறு உருவாக அமர்ந்து, புயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படத்துக்கு வெளியேயுள்ள எதனையோ வரைந்துகொண்டிருக்கின்றான்.

இத்தனைக்கும் ஒரே வகைக் கோடு போதவில்லை. திராவகம் அரித்த கோட்டோடு, உளியால் நேரே செதுக்கிய கோட்டையும், பூச்சின்றி வெறுந் தகட்டின்மீது ஊசியால் அழுத்திக் கீறிய கோட்டையும் அவர் சேர்த்தார். முதற்கோடு இலையும் புல்லும்போல நெகிழ்ந்தோடும். இரண்டாவது மழைத்தாரைபோல விறைத்து நிற்கும். மூன்றாவதைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

வெறுந் தகட்டை ஊசியாற் கீறும்போது, கலப்பை உழுத சாலின் ஓரத்திலே மண் புரண்டு நிற்பதுபோல, கோட்டின் ஓரத்திலே செம்பு பிசிறாக எழுந்து நிற்கும். மை ஏற்றும்போது அப்பிசிறும் மையைப் பற்றிக்கொள்ளும். அச்சிலே அக்கோடு கூர்மையாக இராது. ஓரங்கள் பரந்து, வெல்வெற்றுத் துணியின் கருமைபோல மென்மையாகத் தோன்றும். றெம்பிரான்ற் பிற்காலத்து நிலக்காட்சிகளில் இதனைப் பெரிதும் விரும்பினார். 1651ஆம் ஆண்டில் ஆக்கிய படமொன்று பொன்னிறுப்பவனின் வயல் என்று பிழையான பெயரால் நெடுங்காலம் வழங்கி வந்தது. உண்மையிலே அது ஹார்லெமுக்கு அண்மையிலிருந்த சக்சன்பேர்க் என்னும் பண்ணைநிலம். உயரம் 12 சதமமீற்றர், அகலம் 32 சதமமீற்றர் அளவான அந்நீண்ட படத்திலே, வானத்தில் ஒரு கோடும் இல்லை எனலாம். வயல்களின் வளைந்த வரம்புகள் கண்ணை இழுத்துச் செல்ல, தோப்புகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிசிறுக் கோட்டின் கருமை அழுந்தி நிற்க, அடிவானத்திலே ஹார்லெம் நகரத்துப் பெருங்கோயில் சிறு நிழலாய் எழுகின்றது. அச்சிலே இடம் வலம் மாறும் என்பதைப் பொருட்படுத்தாது கண்டபடியே கீறியமையால், காட்சி முழுவதும் கண்ணாடியிற் கண்டதுபோலத் திரும்பியிருக்கின்றது.

இருளின் உதவியின்றியும் ஆழத்தைக் காட்டலாம் என்பதற்கு 1645ஆம் ஆண்டில் ஆக்கிய சிக்ஸின் பாலம் என்னும் படம் சான்று. சில கோடுகளாலான மரப்பாலம்; அதிலே இருவர்; அப்பால் படகுப் பாய்கள்; அதற்கப்பால் மிக மெல்லிய ஊர். ஏறக்குறைய முழுப்படமும் வெண்மையே. ஜான் சிக்ஸ் என்னும் நண்பர் வீட்டிலே விருந்துண்ணும்போது கடுகுச் சாந்து இல்லாது போயிற்று என்றும், அதனை வாங்கப் பணியாள் அயற்கிராமத்துக்குச் சென்று திரும்புமுன் பந்தயம் கட்டி இப்படத்தை முடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1751ஆம் ஆண்டில் வெளிவந்த சேர்சென் என்பவரின் விளக்கப் பட்டியலிலே அது காணப்படுகின்றது. கதை மெய்யோ பொய்யோ, படத்தின் விரைவு மெய். அதே ஆண்டில் ஆக்கிய ஓம்வால் என்னும் படத்திலோ, இடப்பக்கத்து முதிய மரத்தின் இருளிலே காதலர் ஒளிந்திருக்க, ஆற்றின் அக்கரை முழுவதும் வெயிலில் மெல்லியதாய்க் கிடக்கின்றது. ஒரே ஆண்டிலே ஒரே கை, இருளை விலக்கியும் ஆழம் கண்டது. இருளைக் குவித்தும் ஆழம் கண்டது.

பிசிறுக் கோட்டின் அழகுக்கு ஒரு விலையுண்டு. அச்சுப்பொறியின் அழுத்தத்தால் பிசிறு விரைவிலே நசிந்துவிடும். சில பத்துப் பிரதிகள் எடுப்பதற்குள் வெல்வெற்றுக் கருமை போய், வெறுங்கீறலே எஞ்சும். தகட்டையும் தொடர்ந்து பயன்படுத்தினால் பள்ளங்கள் ஆழங் குறைந்து கோடுகள் வெளிறும். றெம்பிரான்றின் தகடுகள் அவர் மறைந்த பின்பும் கைமாறிக் கைமாறி, அடுத்து வந்த நூற்றாண்டுகளிலும் அச்சிடப்பட்டன. தேய்ந்த இடங்களைப் பிறர் மீண்டும் கீறியதும் உண்டு. அத்தகைய பிற்காலப் பிரதியொன்றையும் முதற்காலப் பிரதியொன்றையும் அருகருகே வைத்து நோக்குவோர் ஒரு பேருண்மையைக் காண்பர். பிற்காலப் பிரதியிலே மரம் இருக்கின்றது, வயல் இருக்கின்றது, நகரமும் இருக்கின்றது. ஒரு கோடும் இடம் மாறவில்லை. ஆழம் மட்டும் போய்விட்டது. முன்னிலத்தின் கருமை குன்றவே, பின்னிலம் பின்னே நிற்க மறுத்து முன்னே வந்துவிடுகின்றது. கோடு பொருளின் வடிவை மட்டுமே தருகின்றது என்பதும், கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடே அப்பொருளுக்கு இடத்தைத் தருகின்றது என்பதும் இதனாற் பெறப்படும்.

றெம்பிரான்றின் வாழ்விலும் இருள் வந்து சேர்ந்தது. 1656ஆம் ஆண்டில் அவர் கடனிறுக்க முடியாதவரானார். வீட்டிலிருந்த பொருள்கள் அதிகாரிகளால் பட்டியலிடப்பட்டன. சேகர்ஸின் ஓவியங்கள் எட்டு என்பதை உலகம் அறிந்தது அப்பட்டியலாலேயே. 1658ஆம் ஆண்டில் அவருடைய வீடு ஏலம் போயிற்று. அதே 1658ஆம் ஆண்டிலேதான் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கொம்பனியின் படை யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. இரண்டும் ஒரே நாட்டின் வரலாற்றிலே வெவ்வேறு பக்கங்கள். ஆயினும் அவற்றுக்கிடையே மெல்லிய இழையொன்று ஓடுகின்றது. 1640களின் பிற்பகுதியிலிருந்து றெம்பிரான்ற் தம் சிறந்த பிரதிகள் சிலவற்றை யப்பானியக் கடதாசியிலே அச்சிட்டார். இளமஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மென்மையும் கொண்ட அக்கடதாசி, பிசிறுக் கோட்டின் கருமையை நன்கு ஏற்றது. அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது அதே கொம்பனியின் வாணிபமே. யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த பிலிப்பு பல்தேயஸ் பாதிரியார் இலங்கையைப் பற்றியும் மலையாள, சோழமண்டலக் கரைகளைப் பற்றியும் எழுதிய பெருநூல், றெம்பிரான்ற் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1672ஆம் ஆண்டிலே அதே அம்ஸ்ரர்டாமில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்துப் பங்குக் கோயில்களின் காட்சிகளும் அந்நூலிலே செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. ஒல்லாந்து தன் வயலைக் காணப் பழகிய அதே கலையினூடாக, நம்முடைய ஊர்களும் முதன்முறையாக ஐரோப்பிய வாசகர் பலரின் கண்முன் சென்றன.

றெம்பிரான்றின் பின் இக்கலை நெடுங்காலம் பிற்பட்டிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மீண்டும் தளிர்த்தது. அமெரிக்காவிலே பிறந்து இலண்டனில் வாழ்ந்த விஸ்லர், 1859ஆம் ஆண்டில் தேம்சு நதிக்கரைப் படங்களை வரைந்தார். அவற்றுள் கறுப்புச் சிங்கத் துறை என்னும் படத்திலே பழைய விதி தலைகீழாக்கப்பட்டிருக்கின்றது. முன்னே இருக்கும் மனிதன் சில தளர்ந்த கோடுகளாலேயே அமைய, நதிக்கு அப்பாலுள்ள பழங்கட்டடங்கள் பலகை பலகையாக நுணுக்கம் பெறுகின்றன. மனிதக் கண் ஒரு நேரத்திலே ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும். அக்கரையை உற்று நோக்கும்போது இக்கரை மங்கும் என்ற உண்மையை விஸ்லர் பயன்கொண்டார். பின்னர் 1879, 1880ஆம் ஆண்டுகளில் வெனிஸ் நகரத்தில் வரைந்த இரவுக்காட்சியிலே, மிகச் சில கோடுகளை மட்டும் கீறி, அச்சிடுங்காற் தகட்டின்மீது மெல்லிய மைப்படலத்தைத் துடைக்காது விட்டு, அந்திப்பொழுதை ஆக்கினார். கோட்டினால் ஆகாததைத் துடைக்கும் கை செய்து முடித்தது.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கின், கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்டடைந்தவை சில எளிய உண்மைகளே. டியூரர் கோட்டை நெருக்கியும் விலக்கியும் இடத்தை விரித்தார். கல்லோ காலத்தை அளந்து கோட்டுக்குக் கருமையும் வெளிறலும் தந்தார். குளோட் லொறேன் அவற்றுக்கிடையே காற்றை நிரப்பினார். சேகர்ஸ் ஒவ்வொரு பிரதியும் தனக்கென ஒரு பொழுதை உடையது என்று காட்டினார். றெம்பிரான்ற் இவையனைத்தையும் கற்று, இவற்றுக்கு மேலாக, எதனை வரையாது விடுவது என்பதையும் கற்றார். அவருடைய படங்களிலே மிகத் தூரமான பொருள் மிக மெல்லிய கோடன்று. கோடே படாத வெண்கடதாசிதான்.

நூலகங்களிலுள்ள ஓவிய நூல்களில் மூன்று மரங்களின் படம் காணக் கிடைக்கும். அதனைக் காணும் வாய்ப்புப் பெறுவோர், மரங்களைப் பார்த்த மாத்திரத்திலே பக்கத்தைப் புரட்டிவிடாது சற்றே தாமதித்தல் நன்று. முதலிலே கருமை வெண்மையைத் தொடும் இடத்தைக் காண்க. அங்கிருந்து நிழற்பட்டைகளின் வழியே பின்னே நடக்க. கோடு மெலிந்து மெலிந்து முடியுமிடத்தில் நிற்க. பின்னர்த் திரும்பிவந்து புதரின் இருளிலே மறைந்திருக்கும் அவ்விருவரையும் தேடுக. அவர்களைக் கண்டுகொண்ட கண்ணுக்கு, வயல்வரம்பிலே மாலை வெயிலும் பனைநிழலும் மாறிமாறிக் கிடக்கும் நம்மூர்க் காட்சியும் முன்னிலும் ஆழமுடையதாகத் தோன்றும்.